தமிழ் வாசிக்கும் லேப்டாப், போன்: காசு கொடுக்கும் முன் காதாலும் விரலாலும் பார்க்க வேண்டியவை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ லேப்டாப் கடைக்குள் போனால் விற்பவர் முதலில் பேசுவது திரையைப் பற்றித்தான். பார்வையற்றவருக்கு அந்தப் பணம் வீண். இருப்பதிலேயே சாதாரணத் திரை போதும். மிச்சமாகும் தொகையை எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்திலும் 8 ஜிபி ரேமிலும் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கணினி தொடங்கும்போது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல் வரவே நேரமாகும். அது வேலை செய்கிறதா, நின்றுவிட்டதா என்று அந்த நேரத்தில் தெரியாது.

அடுத்தது விசைப்பலகை. கடையிலேயே விரல் வைத்துத் தடவுங்கள். எஃப், ஜே விசைகளில் மேடு தட்டுப்பட வேண்டும். மேல் வரிசையில் எஃப்4-க்கும் எஃப்5-க்கும் நடுவே இடைவெளி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எஸ்கேப்பிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியதுதான். பவர் பொத்தான் டெலிட் விசையை ஒட்டி இருக்கும் மாடலை வாங்காதீர்கள். ஒரு கடிதம் அடிப்பதற்குள் நாலு தடவை கணினி தூங்கப் போய்விடும். 14 அங்குல மாடல்கள் பலவற்றில் எண் பலகை இருக்காது. எழுத்துப் பிழை திருத்தும் வேலை இருப்பவர்கள் எண் பலகை உள்ள 15.6 அங்குல மாடலைத் தேடலாம், அல்லது தனியாக ஒரு யுஎஸ்பி எண் பலகை வாங்கலாம்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அதில் என் தேர்வு என்விடிஏ. 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் இது. அதை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப் போனால், கடைக்காரர் அனுமதித்தால், அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். "அண்ணே, அஞ்சு நிமிஷம் இத ஓட்டிப் பாத்துக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இன்சர்ட்டையும் எஃப்7-ஐயும் சேர்த்து அழுத்தினால் வலைப்பக்கத்தின் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வர வேண்டும். அதற்குப் பதில் ஒலியளவோ வெளிச்சமோ மாறினால், மேல் வரிசை மீடியா விசைகளாக இருக்கிறது என்று பொருள். பல மாடல்களில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் சரியாகும். சிலவற்றில் விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும், அங்கே திரைவாசிப்பான் பேசாது. அதைக் கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள்.

என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழ் பேசும், இயந்திரக் குரலில். கேட்ட உடனே பலர் வெறுத்து ஒதுக்கிவிடுகிறார்கள், அவசரப்படாதீர்கள். விசையைத் தொட்டதும் பதில் வருவதிலும், வேகத்தைக் கூட்டினாலும் சொல் சிதையாமல் இருப்பதிலும் அதற்கு ஈடு இல்லை. நீண்ட கட்டுரை கேட்க விண்டோஸின் வள்ளுவர் குரல் இதமானது. அமைப்புகளில் நேரம் மற்றும் மொழி, பேச்சு, குரல்களைச் சேர் என்று போய்த் தமிழைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். பிறகு என்விடிஏ விசையான இன்சர்ட்டோடு கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தி, வரும் பட்டியலில் விண்டோஸ் ஒன்கோர் குரல்களை எடுங்கள். தட்டச்சுக்கு ஈஸ்பீக், வாசிப்புக்கு வள்ளுவர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

தட்டச்சுக்கு தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள். எஃப் மேட்டில் புள்ளி, ஜே மேட்டில் ப. கை தானாக இடம் கண்டுகொள்ளும். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'கொ' என்ற எழுத்தை பேக்ஸ்பேஸால் அழித்தால் முதலில் கொம்பும் காலும் மட்டும் போய், 'க' நிற்கும். முழுதும் போய்விட்டது என்று மேலே அடித்தால் நடுவில் ஒரு 'க' மிஞ்சும். ஐயம் வந்தால் எண் பலகையில் 5-ஐ இரு முறை தட்டுங்கள், சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும். ர-வா ற-வா, ன-வா ண-வா என்பதும் அங்கேதான் தெரியும்.

ஜாஸ் என்ற திரைவாசிப்பானும் சிறந்த மென்பொருள், ஆனால் விலை அதிகம். உரிமம் இல்லாமல் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அலுவலகம் வாங்கித் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். விண்டோஸோடு வரும் திரைவாசிப்பானான நரேட்டர், என்விடிஏ நின்றுபோகும் நேரத்துக்கு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கோப்பு உளறினால், குற்றம் திரைவாசிப்பான் மேல் இல்லை. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையில் 'தமிழ்' என்ற சொல், ஜே கே பி ஓ அரைப்புள்ளி என்று காதில் விழும். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்தது, உள்ளே தமிழே கிடையாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் முறைக்கு, மாற்றும் இணையக் கருவிகளில் ஒட்டி மாற்றலாம். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆகவே அலுவலகக் கடிதம் பழைய எழுத்துருவில் வந்தால் யூனிகோடில் தரச் சொல்லிக் கேட்கலாம், தயங்க வேண்டாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறங்கள். அச்சுத் தெளிவாக இருந்தால் தமிழ் நன்றாகவே வரும். செய்தித்தாள் போல நெடுக்குப் பத்திகளாகப் பிரித்த பக்கங்களில் வரிகள் குழம்பும்.

போனில் ஆண்ட்ராய்டும் அதன் திரைவாசிப்பானான டாக்பேக்கும் பெரும்பாலோருக்குப் போதும். கைரேகை உணரி பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கட்டும். திரைக்குள் இருப்பதை விரலால் தேடுவது தொல்லை. ஒலியளவு விசைகள் இரண்டையும் மூன்று விநாடி அழுத்தி டாக்பேக்கைத் தொடங்கிப் பாருங்கள். புதுப் போனில் முதல் தடவை அணுகல்தன்மை அமைப்பில் போய் இதை இயக்கிவைக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடம் திரையை அணைத்துவைத்து மறுபடி எழுப்புங்கள். பேச்சு வராவிட்டால், மின்சேமிப்பு அமைப்பு டாக்பேக்கை நிறுத்தியிருக்கக்கூடும். அதற்கு விலக்குக் கொடுத்த பிறகும் நின்றால் அந்தப் போன் வேண்டாம். ஐபோனில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் நன்று, ஐஓஎஸ் 16 முதல் தமிழ்க் குரலும் உண்டு.

கூகுள் பேச்சு அமைப்பில் தமிழ்க் குரல் தரவைக் கட்டாயம் இறக்கிவையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. சிக்னல் போனபிறகு இறக்க முடியாது. டாக்பேக் பட்டியலில் உள்ள திரையை மறைக்கும் வசதி பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் கண்ணிலிருந்தும் காக்கும், திரை வகையைப் பொறுத்துச் சார்ஜையும் மிச்சப்படுத்தும். லேப்டாப்பில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.

கம்பி இயர்போன் வாங்குங்கள். புளூடூத்தில் குரல் சற்றுத் தாமதமாக வரும், முதல் அசையும் விழுங்கப்படும்: 'சேமி' என்பது 'மி' ஆகும். ஒலிச்சாதனம் இடையில் தூங்குவதால் வருவது இது. என்விடிஏவின் ஆடியோ அமைப்பில், பேசி முடித்தபின் சாதனத்தை விழித்திருக்கச் செய்யும் நேரத்தைக் கூட்டினால் குறையும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பிளக் முனை பச்சை பிடிக்கும், உலர்ந்த துணியால் அடிக்கடி துடையுங்கள்.

பணத்தாளுக்கு ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி செயலி, இணையம் இல்லாமலே மதிப்பைச் சொல்லும். புதுத் தாள் என்றால் விரலே போதும்: ஓரத்தில் 500-க்கு ஐந்து கோடு, 200-க்கு நாலு கோடும் நடுவில் இரண்டு வட்டமும், 100-க்கு நாலு கோடு. மீன் மார்க்கெட்டில் கைமாறி ஈரமான தாளில் கோடு தேய்ந்திருக்கும், அப்போது செயலியைத் திறங்கள். கள்ள நோட்டா என்பதை மட்டும் அது சொல்லாது.