குடல் ஹார்மோன்கள்: ஓர் இணையவழிப் பாடத்தொகுப்பின் மதிப்புரை

செரிமான உறுப்புகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், அவை ஒன்றுக்கொன்று எவ்வாறு செய்தி அனுப்பிக்கொள்கின்றன என்பதையே இந்தக் காணொளிப் பாடத்தொகுப்பு மையமாகக் கொண்டிருப்பது பாராட்டத்தக்கது.

சிறுகுடல் சுரக்கும் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் பற்றிய பாடம் மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. 1902-இல் உடலியல் ஆய்வாளர்களான பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் சிறுகுடலில் நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தியபோதும் கணையம் சுரந்ததையும், எனவே அந்தச் செய்தி இரத்தத்தின் வழியாகவே சென்றிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்ததையும் அசைவூட்டப் படங்கள் படிப்படியாகக் காட்டுகின்றன. அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலை அடைந்ததும் செக்ரெட்டின் கணையத்திலிருந்து அமிலத்தை நடுநிலையாக்கும் பைகார்பனேட்டை வரவழைப்பதும், கொழுப்பாலும் புரதத்தாலும் தூண்டப்படும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்து, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துவதும் ஒரே திரையில் விரியும்போது வியக்காமல் இருக்க முடியவில்லை.

இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் பற்றிய விளக்கம் போதுமானது. ஆனால் கிரெலினைப் ‘பசி ஹார்மோன்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து எஞ்சியவற்றைக் கீழே தள்ளும் குடல் அசைவுகளுக்குத் துணைபுரியும் மோட்டிலின் என்ற ஹார்மோன் இடம்பெறவே இல்லை. இவ்வளவு அக்கறையோடு உருவாக்கப்பட்ட தொகுப்பில் இது பெரிய குறையே. உயிரியல், செவிலியர் படிப்பு மாணவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.