அப்பர் ஆன்டிலோப் கேன்யன்: ஒளியின் அழகுக்குக் குறையில்லை, அவகாசம்தான் இல்லை

அமெரிக்காவின் அரிசோனாவில், பேஜ் நகருக்கு அருகே நவாஹோ மக்களின் நிலத்தில் உள்ள இந்தக் குறுகிய மணற்பாறைப் பிளவுக்குள் வழிகாட்டியின்றி நுழைய முடியாது, ட்ரைபாடுக்கும் (கேமராவைத் தாங்கும் முக்காலி) அனுமதியில்லை. ஆகவே, கோடை நண்பகலில் மேல்விளிம்பிலிருந்து ஒளிக்கற்றை இறங்கும் வேளையிலும் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 1600 வரை உயர்த்தி, மூச்சை அடக்கிக் கேமராவைக் கையில் பிடித்தே படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அகலக் கோண லென்ஸை வெளியிலேயே மாட்டிக்கொள்வது நல்லது. மாவாய்ப் பறக்கும் மணலில் லென்ஸ் மாற்றினால் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் தூசு படியும். வைட் பேலன்ஸை (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால் பாறையின் செம்மஞ்சள் வெளிறிப்போகக்கூடும் என்பதால், பின்னர் நிறத்தைத் திருத்திக்கொள்ள வசதியாக ரா கோப்பாக (சென்சாரின் மூலத் தரவு) எடுப்பதே உத்தமம்.

எங்கள் வழிகாட்டி எந்த வளைவில் எந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொன்னார். ஆனால், பின்னால் அடுத்த குழு நெருக்கியதால் ஓரிடத்திலும் நிலையாக நிற்க முடியவில்லை. கட்டணத்தைப் பார்க்கையில், இது எனக்குச் சற்று உறுத்தியது.