முகாம் டி-ஷர்ட்: ஸ்கிரீன் பிரிண்டா, டிடிஎஃப்பா, சப்ளிமேஷனா?

கல்லூரி ஜெபக்குழுவில் மூன்று வருடம் டி-ஷர்ட் பொறுப்பு என் தலையில் இருந்தது. பாட வராது, மேடையில் பேச வராது, ஆனால் திருப்பூரில் சித்தப்பா இருக்கிறார். இந்தத் தகுதி போதும் என்று சீனியர் அண்ணன்மார் முடிவு செய்துவிட்டார்கள். மூன்று வருடமும் மூன்று விதமாக அச்சடித்தோம். இப்போதும் முகாம் நெருங்கினால் ஜூனியர் தம்பிகள் போன் செய்வார்கள்: "அண்ணா, எதுல அடிச்சா கம்மியா வரும்?"

முகாம் முடிந்த பிறகு அந்தச் சட்டையை எங்கே போடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மூன்று நாள் போட்டுவிட்டு வண்டி துடைக்கப் போகிற துணி என்றால், எந்த விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தான்.

முதலில் ஸ்கிரீன் பிரிண்ட். படம் வெட்டிய வலைச் சட்டம் (அதுதான் ஸ்கிரீன்) வழியாக மையைத் துணியில் தேய்த்து அடிப்பது. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் காசு. ஒரு ஸ்கிரீனுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 சட்டை அடித்தால் சட்டைக்கு 4 ரூபாய், பத்தே சட்டை என்றால் 40. நிறம் மூன்றானால் அதுவும் மூன்று மடங்கு. ஆகவே ஆள் ஐம்பதைத் தாண்ட வேண்டும், நிறம் ஒன்றோ இரண்டோ போதும் என்ற மனசு வேண்டும். இரண்டும் அமைந்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. மையைச் சரியான சூட்டில் காயவைத்திருந்தால் துணி நைந்தாலும் எழுத்து நிற்கும். சூடு போதாமல் அவசரத்தில் கட்டி அனுப்பியதென்றால் நாலாவது துவைப்பிலேயே உதிரத் தொடங்கும். சாம்பிள் ஒன்றை வாங்கி, இரண்டு முறை துவைத்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள்.

டிடிஎஃப் என்பது படத்தை ஒரு ஃபிலிமில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, சூடான பிரஸ்ஸில் துணிமேல் ஒட்டுவது. எத்தனை நிறமும் வரும், கறுப்புத் துணியிலும் வரும், ஒரே ஒரு சட்டைகூட அடிக்கலாம். ஒவ்வொருவர் முதுகிலும் அவரவர் பெயர் வேண்டும் என்றால் இதுதான் வழி. பன்னிரண்டு பேர் உள்ள பாடகர் குழுவுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய படம் போட்டால், அந்த இடத்தில் காற்றுப் போகாது. மே மாதம் பாளையங்கோட்டை வெயிலில் போட்டுப் பார்த்தால் புரியும். அப்புறம், ஹாஸ்டலில் யாரோ ஒருவன் அச்சின்மேலேயே இஸ்திரிப் பெட்டியை வைப்பான். எங்கள் குழுவிலும் வைத்தான்.

சப்ளிமேஷன் பார்க்கப் பகட்டாக இருக்கும். சூட்டில் மை ஆவியாகிப் பாலியெஸ்டர் நூலுக்குள்ளேயே போய்விடுவதால் உரியாது, வெடிக்காது. கையிலிருந்து முதுகு வரை படம் ஓடவிடலாம். ஆனால் காட்டனில் நிற்காது, அடர்நிறத் துணியிலும் எடுபடாது. பாலியெஸ்டர் வியர்வையில் முதுகோடு ஒட்டும், நாற்றமும் பிடிக்கும். இரண்டாம் வருடம் நாங்கள் இதைத்தான் எடுத்தோம். கடைசி இரவு தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து தேவன் எங்கள் வாழ்வில் செய்ததைச் சாட்சியாகச் சொன்னபோது பொறி பறந்து ஆறேழு சட்டைகளில் குட்டிக் குட்டி ஓட்டை. கிரிக்கெட், வாலிபால் அணிக்குச் சப்ளிமேஷன் சரி. முகாமுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காலர் டி-ஷர்ட்டில் சின்னதாக எம்பிராய்டரி செய்வது நாலாவது வழி. விலை கூடுதல். ஆனால் நம் ஊரில் பல கல்லூரிகளில் டி-ஷர்ட்டுக்கே தடை. காலர் இருந்தால் சில இடங்களில் கண்டுகொள்ளமாட்டார்கள். உங்கள் கல்லூரியின் விதியை முதலில் விசாரித்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

துணியைப் பொறுத்தவரை 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பயோ வாஷ் காட்டன், அதாவது நொதியில் அலசி மென்மையாக்கிய காட்டன் என்று கேளுங்கள், போதும். 140, 150 என்று இறங்கினால் வெள்ளைத் துணி உள்ளே இருப்பதைக் காட்டும். அக்காமார் அதை ஒரு முறைகூட வெளியே போடமாட்டார்கள், சொல்லவும் கூச்சப்படுவார்கள்.

இனி தமிழ் எழுத்து. எந்த வழியில் அடித்தாலும் எங்களுக்கு அடி விழுந்தது இங்கேதான். பைபிள் வசனத்தை வாட்ஸாப்பில் யூனிகோடில் அனுப்பினோம். அச்சுக்கடைக்காரர் அதைக் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பில் ஒட்டியிருக்கிறார். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, 'தேவன்' என்பது 'தவேன்' என்று 65 சட்டைகளில் வந்து சேர்ந்தது. கடைக்காரரைத் திட்டியும் பயனில்லை, வாட்ஸாப்பில் வந்த படத்தைப் பார்க்காமலே 'ஓகே ப்ரோ' போட்டவன் நான். எழுத்தைக் கர்வாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியையும் பாருங்கள்: ஸ்கிரீன் பிரிண்டில் எழுத்து பொடியாக இருந்தால் புள்ளி மையில் அடைந்துபோகும்.

முழு வசனமா, அதன் அதிகார-வசன எண் மட்டுமா என்பதும் ஒரு சண்டை. எண் மட்டும் அழகாக இருக்கும், மலிவு, பிழையும் வராது. ஆனால் என் ரூம்மேட் முருகபக்தன், '5:14' என்பதைப் பார்த்துவிட்டு, "என்னடா, ட்ரெயின் டைமா?" என்று கேட்டான். ஏற்கெனவே விசுவாசிக்கிறவனுக்கு மட்டும் புரிகிற சங்கேதம் அது. அதே சமயம் முதுகு முழுக்க எட்டு வரி வசனத்தையும் பஸ்ஸில் பின்னால் நிற்பவர் படிக்கமாட்டார். நாலு சொல், பெரிய எழுத்து, கீழே சின்னதாக எண். என் கட்சி அது.

பழைய அமைப்பின் கிளை என்றால் சின்னம் தயாராக இருக்கும். 1924இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பிறந்த கத்தோலிக்க மாணவர் அமைப்பான ஐக்கஃப், 1954இல் தொடங்கிய சுவிசேஷ மாணவர் ஐக்கியமான யு.இ.எஸ்.ஐ. இரண்டும் அப்படித்தான். சின்னத்தை நெஞ்சின் இடப்பக்கம் சின்னதாக வைத்துவிடலாம். 'முகாம் 2023' என்று வருடத்தை மட்டும் போடாதீர்கள், 2024இலேயே சட்டை பழசாகிவிடும். கறுப்பு நிறம் அழுக்குத் தெரியாது, எல்லோருக்கும் பிடிக்கும். கார்த்திகை மாதத்தில் இருபது பேர் கறுப்பில் பஸ் ஏறினால் மட்டும், சபரிமலைக்கா, பெரியார் திடலுக்கா என்று கண்டக்டர் கேட்பார்.

கடைசியில் நாங்கள் ராத்திரி ஒரு மணி வரை விவாதித்தது அச்சைப் பற்றியே அல்ல, காசைப் பற்றி. முகாம் கட்டணத்திலேயே சட்டை விலையைச் சேர்ப்பதா, வேண்டியவர்கள் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவதா? இரண்டாவதுதான் நியாயமாகத் தோன்றும். முதல் வருடம் அப்படித்தான் செய்தோம். குரூப் போட்டோவில் ஒன்பது பேர் ஓரமாக, வேறு வேறு நிறச் சட்டையில் நின்றார்கள். பிடிக்காமல் வாங்காதவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், மற்றவர்களிடம் காசு இல்லை. பணக்காரன், ஏழை என்று பாரபட்சம் காட்டாதே என்று சொல்லும் யாக்கோபு 2ஆம் அதிகாரத்தை அந்த முகாமிலேயே வேதபாடமாக எடுத்திருந்தோம் என்பது கூடுதல் சங்கடம். கட்டணத்தில் சேர்த்தால் வேறு சிக்கல்: மொத்தத் தொகை ஏறி, சிலர் முகாமுக்கே வராமல் போவார்கள். மூன்றாம் வருடம் சட்டைக்காசை முன்னாள் மாணவர்களிடம் கேட்டு வாங்கினோம். ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட், ஆளுக்கு ஒன்று, பெயர்ப்பட்டியலில் காசு என்ற கட்டமே இல்லை. நன்கொடை அவ்வளவு தேறாது என்றால் நான் சட்டையையே விட்டுவிடுவேன், ஆளுக்கு ஒரு துணிப்பை போதும்.

அளவு எடுக்கும்போது பெயர் கொடுத்தவர்களைவிட ஐந்து கூடுதலாகச் சொல்லுங்கள்: எல் ஒன்று, எக்ஸ்எல் நான்கு. சமையல் அண்ணனுக்கும் அவர் கையாளுக்கும் பஸ் டிரைவருக்கும் அந்த அளவுதான் சரியாக வரும்.