ஸ்டெம் செல் தானம்: மஜ்ஜையிலிருந்தா, ரத்தத்திலிருந்தா?

தானத்துக்குச் சரி என்று சொன்ன பலர் அடுத்து இங்கேதான் குழம்புகிறார்கள். இரண்டிலும் கொடுப்பது ரத்தம் உண்டாக்கும் அதே செல்லைத்தான். அதன் வீடு எலும்பு மஜ்ஜை.

எடுக்கும் விதம்
மஜ்ஜை: மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் ஊசியால் உறிஞ்சுவார்கள்.
ரத்தம்: 4, 5 நாள் ஜி-சிஎஸ்எஃப் (ரத்த செல் உற்பத்தியைத் தூண்டும் மருந்து) ஊசி, மஜ்ஜையில் செல்லைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை அது குறைப்பதால் செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடும், அப்புறம் சில மணி நேரம் இயந்திரம் பிரித்தெடுக்கும்.

வலி
மஜ்ஜை: எடுத்த பிறகு, இடுப்பில்.
ரத்தம்: ஊசி நாட்களில், எலும்பெல்லாம்.

பெறுபவருக்கு
உறவல்லாதவர் தானத்தைப் பற்றி 2012இல் வந்த பெரிய ஆய்வில், தானமாக வந்த செல்களே உடலை நெடுநாள் தாக்கும் சிக்கல் ரத்த வழியில் 53%, மஜ்ஜையில் 41%. செல் ஒட்டாமல் போனது, அதாவது பெறுபவர் உடலில் நிலைத்து ரத்தம் உண்டாக்காமல் போனது, ரத்த வழியில் 3%, மஜ்ஜையில் 9%.

ஏபிளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை போதிய ரத்த செல்களை உண்டாக்காத நோய்) என்றால் பொதுவாக மஜ்ஜையே மேல். சீக்கிரம் ஒட்டியாக வேண்டிய நிலை என்றால் ரத்தம்.