டர்போ ஆயில் டிரெயின் லைன்: இரண்டு ஃபிட்டிங் செட்கள், ஒரு வெர்னியர்

என் பழைய மாருதி எஸ்டீமில் சிறிய ஜர்னல் பேரிங் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டும் கருவி; இதன் தண்டு ஆயில் படலத்தில் சுழலும்) ஒன்றைப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. சாலையில் ஓடும் வண்டியின் எஞ்சினை இப்படி மாற்றியமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது என்பதால், இந்த வண்டி கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏறிப் போய், ஓடி முடித்து, லாரியிலேயே வீடு திரும்புகிறது. இந்த ஓராண்டில், டர்போவிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குத் திருப்பி இறக்கும் ஆயில் டிரெயின் லைனுக்காக மட்டும் இரண்டு ஃபிட்டிங் செட்கள் வாங்கினேன். முதல் செட் பொருத்திய பிறகு சைலன்சரில், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை வந்தது. இரண்டாவதைப் பொருத்திய பிறகு நின்றது. இடையில் டர்போவை மாற்றவில்லை.

முதல் செட்டை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். கறுப்பும் சிவப்புமாக மினுங்கும் அலுமினிய ஃபிளேஞ்ச் (டர்போவில் போல்ட் போட்டு இறுக்கும் தட்டு), 90 டிகிரி எல்போ, கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ், ஒரு காகித கேஸ்கெட் ஆகியவை பெட்டியில் இருந்தன. எத்தனை பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் என்பதைத்தான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்து வாங்கியது என் பிழை. டர்போவுக்குள் ஆயில் நுழைவது எஞ்சினின் ஆயில் பம்ப் தரும் அழுத்தத்தில். பேரிங்கைத் தாண்டிய பிறகு அந்த அழுத்தம் எதுவும் மிஞ்சுவதில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய தண்டைச் சுற்றி வரும் அந்த ஆயில், டபராவில் ஆற்றிய காபியைப் போல நுரைத்து, தன் எடையால் மட்டுமே கீழே, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கியாக வேண்டும். உள்ளே போகும் குழாய் கால் அங்குலம் இருந்தாலே போதும் என்ற நிலையில், வெளியேறும் குழாய் அரை அங்குலத்துக்கு மேல் தேவைப்படுவது இதனால்தான்.

மூன்று சுற்று ஓடிவிட்டு ஐடிலில் நிறுத்தினால் புகை கிளம்பியது. பட்டறையில் டர்போ சீல் போய்விட்டது என்றார்கள். டர்போ தண்டின் இரு முனைகளிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். நடுப்பகுதியில் ஆயில் தேங்கி நின்றால், புத்தம் புதிய டர்போவானாலும் அந்த வளையங்களைத் தாண்டி ஆயில் கசிந்துவிடும். தண்டை விரலால் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. எஞ்சினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸில் அழுத்தம் தேங்கினாலும் இதே கோளாறு வரும் என்பதால், அந்த அழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் கழற்றிப் பார்த்தேன். அடைப்பு எதுவும் இல்லை.

பிறகுதான் விட்டத்தை அளக்கும் வெர்னியரை எடுத்தேன். டர்போவின் டிரெயின் துளை 15 மில்லிமீட்டர். ஹோஸின் உள் விட்டம் 14. ஆனால் எல்போவின் வளைவுக்குள்ளே, இரண்டு பக்கமிருந்தும் துளையிட்டுச் சந்திக்க வைத்திருந்த மூலையில், 10.5 மட்டுமே இருந்தது. காகித கேஸ்கெட்டின் துளையும் ஃபிளேஞ்சின் துளையைவிடச் சிறியது. போதாததற்கு, கசியக் கூடாது என்று நான் தடவிய சிலிக்கான் பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கிக் காய்ந்திருந்தது. இத்தகைய ஃபிட்டிங்குகளின் அளவைக் குறிக்கும் எண்களில் ஏஎன் 10 என்பது முக்கால்வாசி வண்டிகளுக்குப் போதுமான அளவுதான். ஆனால் அந்த எண், பொருந்தும் குழாயின் வெளி விட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வது. உள்ளே எவ்வளவு வழி விட்டிருக்கிறார்கள் என்பது தயாரிப்பாளரின் மனத்தைப் பொறுத்தது. டிரெயின் துளையைவிடக் குறுகலான எதையும் வழியில் வைக்காதீர்கள் என்று டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனம் தன் பொருத்துதல் குறிப்பில் சொல்வதை, செலவு செய்த பிறகே படித்தேன்.

இரண்டாவது செட்டைத் துண்டு துண்டாகச் சேர்த்தேன். லேத் பட்டறையில் கடைந்த 16 மில்லிமீட்டர் துளையுள்ள எஃகு ஃபிளேஞ்ச், உலோகத் தகட்டு கேஸ்கெட், குழாயையே வளைத்துச் செய்த 45 டிகிரி ஃபிட்டிங், ஹோஸை இணைக்கச் சம்ப்பில் வெல்டிங் செய்வதற்கான எஃகு பங் (மரையுள்ள வளையம்) ஆகியவை அதில் அடக்கம். குழாயை வளைத்துச் செய்த ஃபிட்டிங் விலை கூடுதல்தான் என்றாலும் வளைவு முழுவதும் ஒரே விட்டம் கிடைக்கிறது. ஆயில் தாங்கும் செயற்கை ரப்பர் ஹோஸையே தேர்ந்தெடுத்தேன். டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இ ஹோஸ் வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதே ஏஎன் எண்ணில் அதன் உள் விட்டம் பெரும்பாலும் சற்றுக் குறைவு, அதற்கென்று தனி ஃபிட்டிங்கும் வேண்டும். கூலன்ட்டுக்கு விற்கும் நீலநிற சிலிக்கான் ஹோஸை மட்டும் யார் சொன்னாலும் இங்கே மாட்டக் கூடாது. சூடான ஆயிலில் ஊறி அது மெத்தென்றாகிவிடும்.

கடைக்காரர் மலிவாகக் காட்டிய பித்தளை ஃபிட்டிங் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். 7/8 அங்குலம், 14 மரை என்ற கணக்கில் அது ஏஎன் 10 நட்டில் அழகாக ஏறிவிடுகிறது. ஆனால் ஏஎன் ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரி, அந்தப் பித்தளையின் கூம்பு 45 டிகிரி. மரை பொருந்தினாலும் கூம்புகள் ஒன்றோடொன்று உட்காருவதில்லை. எவ்வளவு இறுக்கினாலும் கசியும், டேப் சுற்றினாலும் பயனில்லை.

எஃகு பங் வளையத்தைச் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே, கிராங்க் வீசும் ஆயில் நேரே வந்து அடிக்காத பக்கத்தில் வைத்தோம். சம்ப்பைக் கழற்றாமலே துளை போட்டுவிடலாம் என்ற யோசனைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. உலோகத் துகள் ஆயிலோடு சேர்வதைவிட ஒரு நாள் கூலி மேல். முதல் செட்டின் ஹோஸ் தேவைக்கு மேல் நீளமாக இருந்ததால், கை கழுவும் தொட்டிக்கு அடியிலுள்ள வளைவைப் போலத் தொங்கி மேலேறியது; எப்போதும் அங்கே ஆயில் நின்றிருக்கும். இப்போது வெட்டிய நீளம் முதல் செட்டில் வந்ததில் பாதிகூட இல்லை. டர்போவையும் சற்றுத் திருப்பி, டிரெயின் துளை செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் இருக்குமாறு வைத்தோம்.

செலவு முதல் செட்டைப் போல் இரண்டு மடங்கு ஆயிற்று. அதில் பாதி வெல்டிங்கும் லேத் கூலியும். குறை என்று சொன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருப்பதால் சூடேறி ஆறும்போது ஃபிளேஞ்சின் இரண்டு போல்ட்டுகளும் மெல்லத் தளர்கின்றன. ஹோஸுக்கு வெப்பம் தாங்கும் உறை போட்டுவிட்டேன். போல்ட்டுகளுக்கு லாக் வாஷர் போட்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சின் ஆறியதும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.