வெளிநாட்டில் விருந்தோம்பல் தொழில்: ஹோம்ஸ்டேயா, நாள் வாடகை வீடா, காபிக்கடையா?

வேறொரு நாட்டில் குடியேறி, மொழி ஓரளவு பிடிபட்டு, பிள்ளைகளும் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் பல இளம் தம்பதிகளுக்குச் சொந்தத் தொழில் ஆசை வருகிறது. விருந்தோம்பல் தொழில் என்றால் மூன்று யோசனைகள்தான் அதிகம் அடிபடும்: குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு விடும் ஹோம்ஸ்டே, தனி வீடுகளை எடுத்து நாள் வாடகைக்கு விடுவது, அளவான ஒரு காபிக்கடை.

மூன்றையும் வருமானத்தை வைத்தே ஒப்பிடுவது வழக்கம். ஆனால் முதல் வருடத்து வருமானம் எல்லாத் தொழிலிலும் ஊகம்தான். அதைவிட மூன்று கேள்விகள் உருப்படியானவை: விசா இதற்கு இடம் தருகிறதா? வேலை நாளின் எந்த நேரத்தில் வந்து விழுகிறது? சரிப்படவில்லை என்றால் எவ்வளவு இழந்து வெளியே வர வேண்டியிருக்கும்?

முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். வேலை விசாவில் இருப்பவர் பல நாடுகளில் சொந்தத் தொழில் நடத்த முடியாது. துணைவருக்கான விசாவிலும் கட்டுப்பாடுகள் இருக்கலாம். போர்ச்சுகலில் ஓய்வூதியம், வாடகை போன்ற வருமானத்தைக் காட்டி வாங்குவது டி7 விசா. தொழில் தொடங்குகிறவர்களுக்கு டி2 என்று தனியாக ஒன்று உண்டு. ஜப்பானில் தொழில் நிர்வாக விசாவுக்குத் தேவையான மூலதனம் 50 லட்சம் யென்னாக இருந்தது. 2025 அக்டோபரில் அதை 3 கோடி யென்னாக்கி, முழுநேர ஊழியர் ஒருவரும் கட்டாயம் என்று விதித்துவிட்டார்கள். தாய்லாந்தின் 1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் உணவு விற்பனையும் ஓட்டல் நடத்துவதும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. தனி உரிமம் இல்லாமல் பெரும்பான்மைப் பங்கை வெளிநாட்டவர் வைத்துக்கொள்ள முடியாது. உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயருக்குப் பங்குதாரராக்குவது குற்றம். 'எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்' என்று சொல்லும் ஏஜென்டை அங்கேயே விட்டுவிடுங்கள்.

விசாவே தொழிலை நம்பி இருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகிவிடும். கடை மூடினால் பணம் மட்டும் போகாது. பிள்ளையின் பள்ளி, வீட்டுக் குத்தகை, அந்த நாட்டில் இருக்கும் உரிமை எல்லாமே ஆட்டம் காணும். நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை கையில் இருக்கும் குடும்பமும் இல்லாத குடும்பமும் ஒரே தொழிலைத் தொடங்கினாலும் அவர்கள் எடுக்கும் ரிஸ்க் ஒன்றல்ல.

சரி, விசா சிக்கல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

நாள் வாடகை வீடு பார்வைக்கு மிகச் சுலபம். நல்ல புகைப்படங்கள், சாவிப் பெட்டி, சுத்தம் செய்ய ஓர் ஆள். வேலையை விடாமலேயே நடத்தலாம், பிள்ளைகளின் நேரத்தையும் அதிகம் தின்னாது. இதன் பலவீனம் சட்டத்தில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் வாடகை ஏறும் ஊர்களில் நகராட்சி கைவைக்கும் முதல் இடங்களில் இதுவும் ஒன்று. பார்சிலோனா 2024இல் தன் 10,101 சுற்றுலா வீட்டு உரிமங்களில் எதையும் 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாளுக்குக் குறைவாகத் தங்க விட வேண்டுமானால் வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. ஜப்பானில் 2018இல் அமலுக்கு வந்த சட்டப்படி வருடத்துக்கு 180 நாள்தான். போர்ச்சுகல் 2023இல் இறுக்கியது, அடுத்த வருடமே பெரும்பகுதியைத் தளர்த்தியது. இப்படி மாறி மாறி வரும் விதிகளை நம்பி இருபது வருடக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகைக்கு எடுத்த வீட்டை நாள் வாடகைக்கு விடுவதானால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியும் அடுக்குமாடிச் சங்கத்தின் விதியும் தனித் தலைவலி.

இதே சட்டங்களை இன்னொரு கோணத்தில் படித்தால் ஹோம்ஸ்டேயின் பலம் தெரியும். உரிமையாளர் கூடவே வசிக்கும் வீட்டிடம் பல இடங்களில் சட்டம் கொஞ்சம் இளகுகிறது. நியூயார்க் விதியே அதற்கு ஓர் உதாரணம். பிரான்சில் 'ஷாம்ப்ர தோத்' என்று ஒரு வகை உண்டு: சொந்தக் குடியிருப்பில் ஐந்து அறை, பதினைந்து பேர் வரை காலை உணவோடு தங்க வைக்கலாம், ஊராட்சியில் பதிவு செய்ய வேண்டும், ஆனால் ஓட்டலுக்கான சுமைகள் பலவும் இல்லை. ஜப்பானிலும் வீட்டுக்காரர் உடன் வசித்து, அறைகள் ஐந்துக்குள் இருந்தால், காசு கொடுத்து நிர்வாக நிறுவனத்தை அமர்த்த வேண்டியதில்லை. பிரிட்டனில் சொந்த வீட்டின் அறையை விடுவதற்கு வருடம் 7,500 பவுண்டு வரை வரி கிடையாது; விடுமுறை வாடகை வீடுகளுக்கு இருந்த வரிச் சலுகைகளையோ 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

நேரக் கணக்கிலும் ஹோம்ஸ்டே குடும்பத்துக்கு ஒத்துவருகிறது. பதினொரு மணிக்கு ஒருவர் காலி செய்து, மூன்று மணிக்கு அடுத்தவர் வருவதற்குள் படுக்கை மாற்றி, கழிப்பறை தேய்த்து முடிக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம்தான் அது. ஆனால் பள்ளி விடுமுறைதான் விருந்தினர் குவியும் காலம். ஊரே சுற்றுலா போகும்போது நீங்கள் போர்வை மடித்துக்கொண்டிருப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் விருந்தினருக்குத் தனி வாசலும் குளியலறையும் இல்லை என்றால் இந்த யோசனையைக் கைவிடுவதே நல்லது. முன்பின் தெரியாதவர்கள் இரவில் நம் கூடம் வழியாக நடந்து போவதைச் சில வாரங்கள் பொறுக்கலாம், வருடக்கணக்கில் முடியாது.

வருமானத்துக்கும் கூரை உண்டு. நான்கு அறை என்றால் வருடத்துக்கு 1,460 அறை-இரவுகள். பாதி நிறைந்தால் 730. எல்லா முன்பதிவும் 15 சதவீதக் கமிஷன் எடுக்கும் இணையத் தளம் வழியாக வருகிறது என்றால், அதில் கிட்டத்தட்ட 110 இரவுகளின் வாடகை தளத்துக்கே போகிறது. அப்புறம் சலவை, மின்சாரம், பழுது. இதை மட்டும் நம்பி நால்வர் குடும்பம் ஓடுவது கஷ்டம். ஆனால் வீட்டுக் கடனின் பெரும்பகுதியை இது சுமந்தால், தம்பதியரில் ஒருவர் சம்பளத்திலேயே குடும்பம் நடக்கலாம். மூடுவதும் எளிது: முன்பதிவை நிறுத்தினால் அது மறுபடி வீடுதான்.

காபிக்கடையைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள். மூன்றிலும் திரும்பி வருவது கடினமான வழியும் அதுதான். கடைக் குத்தகை வருடக்கணக்கில் கட்டிப்போடும். பிரான்சில் வழக்கமான வணிகக் குத்தகை ஒன்பது வருடம், குத்தகைக்காரர் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் விலகலாம். உரிமையாளர் தனிப்பட்ட உத்தரவாதமும் கேட்டால், நிறுவனம் மூழ்கினாலும் கடன் உங்கள் தலையில். தொழிலில் புழங்கும் கணக்குப்படி வரவில் மூன்றில் ஒரு பங்கு பொருளுக்கும், இன்னொரு பங்கு ஆள் கூலிக்கும் போய்விடும்; மீதியில்தான் வாடகையும் வரியும் உங்கள் சம்பளமும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். சமையல்காரர் வராத நாளில் நீங்கள்தான் சமையல்காரர்.

அதற்காக அதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஹோம்ஸ்டேவுக்கு வருபவர்கள் நாளைக்குப் போய்விடுவார்கள். கடைக்கு வருபவர்கள் அதே தெருக்காரர்கள். புது ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் கிடைப்பதும், மொழி சரளமாவதும் கடையில்தான் சீக்கிரம் நடக்கும். மாலை நாலு மணிக்கு மூடும் கடை, அதுவும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கணக்குப் புத்தகம் பார்த்து வாங்குவது என்றால் யோசிக்கலாம். இரவு உணவு பரிமாறும் கடை, பிள்ளைகள் தூங்கும் நேரத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும்.

என் வரிசை இதுதான். நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை உள்ள, ஒருவர் வேலையில் தொடரும் குடும்பத்துக்கு ஹோம்ஸ்டே. விதிகள் நிலையாக இருக்கும் ஊரில் பக்க வருமானத்துக்கு மட்டும் நாள் வாடகை வீடு. இருவருமே வேலையை விட்டு, சேமிப்பையும் போட்டுக் காபிக்கடை திறப்பது கடைசி. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் மூன்றையும் தள்ளிப்போடலாம்.

ஹோம்ஸ்டேதான் என்று முடிவானால், வீடு பார்க்கப் போவதற்கு முன் மூன்று இடங்களில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கட்டடத்தில் கட்டண விருந்தினரைத் தங்க வைக்கப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டுமா, தீயணைப்பு வசதிகள் என்னென்ன என்று நகராட்சியில். இப்படி விடுவதற்குக் கடன் ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று வங்கியில். மூன்றாவது காப்பீட்டு நிறுவனம்: சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் கட்டண விருந்தினரால் வரும் சேதத்தை ஏற்காது, விருந்தினர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் வரும் இழப்பீட்டையும் ஏற்காது. மூன்று பதிலும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.