“நாற்பது மணி நேரம் ஓட்டுங்கள்” என்றார்கள்: கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கரில் நான் இழந்த 14,500 ரூபாய்

14,500 ரூபாய். நேற்று மாலை சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவிலிருந்து ஐந்து கிலோ ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது மனம் இந்தத் தொகையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவன் நான். அது எனக்கு இரண்டு மாதக் கச்சேரிப் பணம். கோபம் இன்னும் ஆறவில்லை. இன்னொருவர் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக இப்போதே எழுதுகிறேன். ஸ்பீக்கரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 15 வாட்ஸ் வால்வு ஆம்ப், அதாவது கண்ணாடிக் குழாய்களால் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. அதில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, மின்னோட்டத்துக்கு அது தரும் தடை 8 ஓம்ஸ். அந்தப் பழைய ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு, கிழிந்துவிட்டது. மேடையில் டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவே கிட்டார் கேட்க வேண்டும். ஆனால் பெரிய ஆம்ப் வாங்க வசதியில்லை. அதனால் செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 வாங்க முடிவு செய்தேன். 1986-இல் வந்த வகை. 60 வாட்ஸ் தாங்கும், உணர்திறன், அதாவது ஒரு வாட்ஸுக்கு எழுப்பும் சத்தம், 100 டெசிபல். 97 டெசிபல் ஸ்பீக்கரில் 30 வாட்ஸ் கொடுத்தால் வருகிற சத்தம் இதில் 15 வாட்ஸிலேயே வந்துவிடும். நடு ஸ்தாயி எடுப்பாக இருப்பதால் கூட்டத்திலும் தனித்துக் கேட்கும். யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தேர்வில் தவறில்லை. வாங்கிய இடம்தான் தவறு.

இசைக்கருவிகளை இணையத்தில் விற்கும் கடை அது. பெயர் சொல்லப் போவதில்லை. “புத்தம் புதியது, ஒன்றே ஒன்று கையிருப்பில்” என்று போட்டிருந்தார்கள். 14,500 ரூபாயை முன்கூட்டியே கட்டினேன். ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தது.

மாட்டிய அன்றே ஏதோ சரியில்லை என்று காது சொன்னது. தடித்த ஆறாவது கம்பியைத் தட்டினால் ஸ்வரத்துக்கு அடியில் மணல் தேய்கிற மாதிரி ஒரு சத்தம். மறுநாள் காலை கடைக்குப் போன் செய்தேன்.

எடுத்தவர் அவ்வளவு நிதானமாகப் பேசினார். என்ன ஆம்ப், என்ன கிட்டார், எந்த அறையில் வைத்து வாசிக்கிறேன் என்றெல்லாம் கேட்டார். தானும் கிட்டார் வாசிப்பதாகச் சொன்னார். “சார், புது ஸ்பீக்கர் விறைப்பாகத்தான் இருக்கும். கோனின் ஓரமும், அதை அசைக்கிற கம்பிச் சுருளான காயிலைத் தாங்குகிற ஸ்பைடர் என்ற மடிப்புத் துணியும் இளகி வரவேண்டும். வாசிக்க வாசிக்கக் கூர்மை மட்டுப்படும், அடி ஸ்தாயி திறக்கும்” என்றார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. புதிய ஸ்பீக்கர் பழகிவருவது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் என்னை மடக்கினார்கள்.

திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன். “தாராளமாக அனுப்பலாம் சார். ஆனால் நல்ல பொருளை அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள். கொஞ்சம் சத்தமாகவே வைத்து நாற்பது மணி நேரம் ஓட்டுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் நான் இருக்கிறேன்” என்றார்.

நான் இருக்கிறேன். அந்த ஒரு சொல்லை நம்பினேன். அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டதும் அன்றைக்குத்தான்.

மூன்று வாரம், தினமும் மாலை இரண்டு மணி நேரம். டிஸ்டார்ஷன் இல்லாமல், பேஸைக் கூட்டிவைத்து, பல கம்பிகளை ஒன்றாக மீட்டும் முழுக் கார்டுகளாக வாசித்தேன். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு நேரம் எழுதினேன். மேல்வீட்டு அக்கா இரண்டு முறை இறங்கிவந்து கேட்டார், மன்னிப்புச் சொல்லி அனுப்பினேன். இருபது மணி நேரம் தாண்டியபோது கூர்மை சற்றுத் தணிந்தது, அதையும் எழுதி வைத்திருக்கிறேன். மணல் சத்தம் மட்டும் முதல் நாள் போலவே இருந்தது.

நாற்பத்தோராவது மணி நேரம் போன் செய்தேன். “ஏழு நாள் முடிந்துவிட்டதே சார்” என்று வேறொருவர் சொன்னார். முதலில் பேசியவரைக் கேட்டால் “அவர் வெளியூரில் இருக்கிறார்.” வாட்ஸ்அப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. நான்கு நாள் கழித்து மின்னஞ்சலில் ஒரு வரி வந்தது: அதிக சத்தத்தில் இயக்கியதால் காயில் சேதமடைந்துள்ளது, எனவே மாற்றித்தர இயலாது. சத்தமாக ஓட்டச் சொன்னதே அவர்கள்! போனில் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். 14,500 ரூபாயை வாங்கும்போது இவ்வளவு ஆதாரம் யாரும் கேட்கவில்லை.

நேற்று ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த ஸ்பீக்கர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். துணி விரித்து அதை மல்லாத்தி வைத்தார். நடுவிலிருக்கும் மூடியைச் சுற்றி ஐந்து விரலையும் சமமாகப் பரப்பி, கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விட்டார். கர்ர் என்றது. “காயில் உரசுகிறது தம்பி. இது எத்தனை வருடம் ஓட்டினாலும் போகாது” என்றார். பிறகு ஓம்ஸ் அளக்கும் மீட்டரை வைத்தார். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் மீட்டரில் ஆறரை, ஏழு காட்டும். இது 3.4 காட்டியது. அதாவது 4 ஓம்ஸ் காயில். விண்டேஜ் 30 வருவதே 8, 16 ஓம்ஸில்தான்.

பிளேடால் கேஸ்கெட்டை, அதாவது ஓரத்தில் ஒட்டிய வளையத்தை, கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கீழே காய்ந்துபோன பழுப்புப் பசை, அதன் மேல் புதுப் பசை. யாரோ பழைய ஸ்பீக்கருக்குக் கையில் கிடைத்த காயிலையும் கோனையும் போட்டு, காயிலை நடுவில் நிறுத்தக்கூடத் தெரியாமல் ஒட்டி, புதியது என்று விற்றிருக்கிறார்கள். தயாரித்த நிறுவனத்துக்கு இதில் பங்கில்லை. கடைசியாக அண்ணன் காட்டியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. போல்ட் போடும் துளைகளைச் சுற்றி பெயின்ட் வட்டமாகத் தேய்ந்திருந்தது. நான் மாட்டியது நான்கு போல்ட். தேய்மானம் எட்டுத் துளையிலும் இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே பார்த்திருக்கலாம்.

8 ஓம்ஸ் கேட்கும் என் ஆம்ப் நாற்பது மணி நேரம் 4 ஓம்ஸில் சத்தமாக ஓடியிருக்கிறது. பவர் வால்வுகளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அண்ணன் சோதித்து, தப்பித்துவிட்டன என்றார். அவையும் போயிருந்தால் 14,500 ரூபாயோடு நின்றிருக்காது.

இன்று காலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ போலியையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்க முடியாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதெல்லாம் முதல் வாரமே தெரிந்திருந்தால்!

தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன். கை ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். ஓம்ஸ் ஆம்பின் பின்னால் எழுதியதோடு பொருந்த வேண்டும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் போடாதீர்கள். 15 வாட்ஸ் வால்வு ஆம்பை முறுக்கினால் அதற்கு மேலும் தள்ளும், ஆகவே ஒற்றை ஸ்பீக்கர் என்றால் இரட்டிப்பு வாட்ஸ் தாங்குவதாக வாங்குங்கள். வந்த அன்றே, மாட்டுவதற்கு முன்பே, துளைகளைப் பாருங்கள், மீட்டர் வையுங்கள், கோனை அழுத்திப் பாருங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள், அட்டைப் பெட்டியை எறியாதீர்கள். பழகினால் மாறுவது சத்தத்தின் விறைப்பு மட்டும். உரசலும் அதிர்வும் பழகிப் போகாது. கடைக்காரர் போனில் எதைச் சொன்னாலும் “இதையே எழுதி அனுப்புங்கள்” என்று கேளுங்கள்.

யாருக்காவது இந்த வாரம் ஸ்பீக்கர் வந்து, நாற்பது மணி நேரம் ஓட்டச் சொல்லியிருந்தால், இன்றே கழற்றிப் பாருங்கள். உங்களுக்கு இன்னும் ஏழு நாள் முடியவில்லை.